இரண்டு பொறுப்பில் ஒரே மனிதர்: எங்கே எழுந்து வெளியே போக வேண்டும்?



சென்ற மாதம் மகனின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் கொடுக்க வந்த ஒரு சகோதரி, படிவத்தை நிரப்பிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "கவுன்சிலராக இருக்கிறவரே ஜமாஅத் கமிட்டியிலும் இருந்தால் நமக்கு நல்லதுதானே அண்ணே? ரெண்டு இடத்திலும் நம்ம ஆள் இருக்கிறார். சில பேர் ஏன் அதைக் குறையாகப் பேசுகிறார்கள்?"

"நல்லதுதாம்மா, ஆனால் ஒரு கட்டுப்பாடு வேண்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். வெளியே இன்னும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு என்ன, அது ஏன் வேண்டும் என்பதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன். எந்தத் தனி மனிதரையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. குறை சொல்ல வேண்டிய இடத்தில் என்னைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒருவருக்கே பல பொறுப்பு ஏன் வருகிறது?

நம்மைப் போன்ற ஊர்களில் படித்தவர், நேரம் ஒதுக்கக்கூடியவர், நாலு அலுவலகம் ஏறி இறங்கத் தயங்காதவர் என்று எண்ணினால் இருபது முப்பது பேர்தான் தேறுவார்கள். பள்ளிவாசல் நிர்வாகம், அறக்கட்டளை, பள்ளிக்கூடக் கமிட்டி, கூட்டுறவுச் சங்கம், நகராட்சி என எல்லாவற்றுக்கும் அந்த முப்பது பேர்தான் ஓட வேண்டியிருக்கிறது. அதனால் ஒருவரே இரண்டு இடங்களில் இருப்பது தவிர்க்க முடியாதது. அதில் பலனும் உண்டு. மையவாடிச் சுவரை ஒட்டிச் சாக்கடை தேங்கினால் ஜமாஅத்தில் உள்ள கவுன்சிலருக்கு அது உடனே தெரியவரும். நகராட்சி ஒரு நலத்திட்டம் அறிவித்தால் அது ஜும்ஆவுக்கு வருகிறவர்களின் காதுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும்.

ஆகவே இரண்டு பொறுப்பு வகிப்பது தவறல்ல. இரண்டு பொறுப்பும் ஒன்றுக்கு ஒன்று எதிரே வந்து நிற்கும் நாளில் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் பிரச்சினை வருகிறது. இதைத்தான் 'நலன் முரண்' என்கிறார்கள்.

ஓர் உதாரணம்

இது கற்பனைதான். ஆனால் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. நகராட்சி ஒரு மழைநீர் வடிகால் கட்டத் திட்டமிடுகிறது. பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளின் பின்பக்கம் ஆறு அடி நிலம் தேவைப்படுகிறது. அந்த வார்டின் கவுன்சிலர் ஜமாஅத்தின் பொருளாளராகவும் இருக்கிறார்.

நகராட்சி மன்றத்தில் உட்காரும்போது அவருடைய கடமை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும், மக்கள் வரிப்பணம் குறைவாகச் செலவாக வேண்டும் என்பது. ஜமாஅத் கமிட்டியில் உட்காரும்போது அவருடைய கடமை, வக்ஃபு நிலத்தில் ஓர் அடிகூட வீணாகப் போகக்கூடாது, போகத்தான் வேண்டுமென்றால் உரிய ஈடு கிடைக்க வேண்டும் என்பது. வக்ஃபு நிலத்தைச் சும்மா எழுதிக் கொடுக்க முத்தவல்லிக்கோ கமிட்டிக்கோ சட்டத்தில் அதிகாரமும் இல்லை.

இந்த இரண்டு கடமையும் நியாயமானவை. ஒரே மனிதர் ஒரே நேரத்தில் இரண்டையும் முழுமையாகச் செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். அவர் மன்றத்தில் ஜமாஅத்துக்காகப் பேசினால் வார்டு மக்களில் மற்றவர்கள் "எங்கள் ஓட்டும் வாங்கித்தானே போனார்" என்பார்கள். ஜமாஅத்தில் நகராட்சிக்காகப் பேசினால் "வக்ஃபு நிலத்தை விட்டுக் கொடுத்தார்" என்பார்கள். ஒரு பைசா கை நீட்டாத மனிதர் இரண்டு பக்கமும் பெயர் கெட்டுப் போவார்.

இதில் மூன்று வகை இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது, சொந்தப் பணம்: கவுன்சிலரே நகராட்சிக் கான்ட்ராக்டில் பங்கு வைத்திருப்பது. இரண்டாவது, உறவு: உதவித்தொகைத் தேர்வுக் குழுவில் இருப்பவரின் தங்கை மகன் விண்ணப்பிப்பது. மூன்றாவது, கடமைக்கு எதிர்க் கடமை: மேலே சொன்ன வடிகால் விவகாரம் போன்றது. முதல் இரண்டையும் எல்லோரும் தவறென்று ஒத்துக்கொள்வார்கள். மூன்றாவதில் பணம் இல்லாததால் "இதில் என்ன தப்பு?" என்று தோன்றும். ஆனால் நம் அமைப்புகளில் அதிகம் நடப்பது இந்த மூன்றாவதுதான்.

சட்டம் எங்கே தடுக்கிறது?

சில இடங்களில் சட்டம் 'இரண்டும் வேண்டாம், ஒன்றை விடு' என்று நேராகச் சொல்லிவிடுகிறது. நம் அரசியலமைப்பின் 101வது பிரிவின்படி ஒருவர் ஒரே நேரத்தில் நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருக்க முடியாது. இரண்டிலும் ஜெயித்தவர் 14 நாளுக்குள் சட்டமன்ற இடத்தை விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் காலியாகிவிடும்.

அதேபோல, அரசின் கீழ் 'ஆதாயம் தரும் பதவி' வகிப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கக்கூடாது என்கிறது 102வது பிரிவு. சட்டமன்றத்துக்கு 191வது பிரிவு. அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர், அரசிடமே பதவி வாங்கிக்கொண்டால் வாய் அடைத்துப் போகும் என்பது இதன் காரணம். 2006இல் ஜெயா பச்சன் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை இழந்தது இதனால்தான். அவர் உத்தரப் பிரதேச அரசின் திரைப்பட வளர்ச்சி மன்றத் தலைவராகவும் இருந்தார். அந்தப் பதவிக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியமும் வேறு சலுகைகளும் உண்டு. 'நான் அதில் எதையும் வாங்கவில்லை' என்று அவர் தரப்பில் வாதிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாங்கினாரா என்பது கேள்வியல்ல, வாங்கும் உரிமை அந்தப் பதவியில் இருந்ததா என்பதே கேள்வி என்று முடிவு செய்தது.

இதற்கு மறுபக்கமாக நம் சமுதாயத்தோடு தொடர்புடைய ஒரு பழைய வழக்கும் உண்டு. மௌலானா அப்துல் ஷக்கூர் என்பவர் 1957இல் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அஜ்மீர் தர்கா நிர்வாகத்தின் கீழ் இருந்த மதரஸாவின் மேலாளர். மாதச் சம்பளம் 100 ரூபாய். தர்கா கமிட்டியை நியமிப்பது மத்திய அரசு, ஆகவே இதுவும் அரசுப் பதவிதான் என்று எதிர்த்துப் போட்டியிட்டவர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் மௌலானாவின் பக்கம் தீர்ப்பளித்தது. அவரை நியமித்தது அரசல்ல, தர்கா நிர்வாகம். சம்பளம் வந்தது அரசுக் கருவூலத்திலிருந்து அல்ல, தர்காவின் நிதியிலிருந்து. ஆகவே அது அரசின் கீழ் உள்ள பதவி ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். இரண்டு பொறுப்பு என்றாலே சட்டம் தடுப்பதில்லை. ஒரு பொறுப்பு இன்னொரு பொறுப்பைக் கட்டிப்போடுமா என்றுதான் பார்க்கிறது.

சொல்லப்போனால் சில இடங்களில் சட்டமே ஒருவரை இரண்டு இடத்தில் உட்கார வைக்கிறது. 1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டம் தொடக்கத்திலிருந்தே வக்ஃபு வாரியத்தில் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் முத்தவல்லிகளுக்கும் இடம் வைத்திருந்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் நகராட்சி, ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட முஸ்லிம் உறுப்பினர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ வாரியத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் திருத்தத்தைப் பற்றிப் பெரிய விவாதங்களும் வழக்குகளும் உள்ளன. அது தனிப் பேச்சு. இங்கே நாம் பார்க்க வேண்டியது இதைத்தான்: ஒரு முத்தவல்லி, முத்தவல்லிகளைக் கண்காணிக்கும் வாரியத்தில் உட்காருகிறார். ஒரு கவுன்சிலர், தன் நகராட்சியோடு நிலத்தகராறு உள்ள வக்ஃபுகளைப் பற்றி முடிவெடுக்கும் வாரியத்தில் உட்காரலாம். உட்காருவது சட்டப்படி சரி. தன் சொந்த வக்ஃபு பற்றியோ தன் நகராட்சி பற்றியோ பேச்சு வரும்போது எழுந்து வெளியே போகாவிட்டால்தான் தவறு.

விலகி நிற்பது எப்படி?

உள்ளாட்சிச் சட்டங்களில் நெடுங்காலமாக ஒரு விதி உண்டு. மன்றத்தில் வரும் ஒரு பொருளில் உறுப்பினருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ பண ஆதாயம் இருந்தால் அவர் ஓட்டுப் போடக்கூடாது, விவாதத்திலும் கலந்துகொள்ளக்கூடாது. ஊர் முழுக்கப் பொதுவாகக் கிடைக்கும் நன்மைக்கு இது பொருந்தாது. ஊருக்கே போடும் சாலை கவுன்சிலர் வீட்டு வாசலிலும் போகிறது என்பதற்காக அவர் விலக வேண்டியதில்லை. அவருடைய மனைக்கு மட்டும் தனியாக ஒரு பாதை போடுவதென்றால் விலக வேண்டும்.

ஓட்டுப் போடாமல் இருந்தால் மட்டும் போதுமா? இதற்கு 1969ஆம் ஆண்டு கிரைபாக் வழக்கு நல்ல பாடம். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப்பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைந்தது. மாநிலத்தின் பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலர், பதவி காரணமாக அந்தக் குழுவில் உறுப்பினரானார். ஆனால் அதே பணிக்கு அவரும் ஒரு விண்ணப்பதாரர். தன் பெயர் வந்தபோது அவர் குழுவில் உட்காரவில்லை. ஆனால் தன்னோடு போட்டியிட்ட மற்றவர்களின் பெயர்களைப் பரிசீலித்தபோது உட்கார்ந்திருந்தார். பட்டியல் வந்தபோது அவர் பெயர் முதலில் இருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது.

இங்கே அவரைக் குழுவில் உட்கார வைத்தது விதி, அவருடைய ஆசையல்ல. தன் பெயர் வந்தபோது எழுந்து போனதும் உண்மை. அப்படியும் தேர்வு செல்லவில்லை. மற்றவர்களின் தகுதியைக் குறைத்து மதிப்பிட்டால் தன் இடம் உயரும் என்ற நிலையில் யாரும் நடுநிலையாக இருக்க முடியாது என்பதே காரணம். அவர் உண்மையில் ஓரவஞ்சனை செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும்.

1984இல் ஒரிசாவில் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் வழக்கிலும் இதே முடிவுதான். தேர்வுக் குழுவில் சில எழுத்தாளர்கள் இருந்தார்கள். அவர்கள் எழுதிய புத்தகங்களும் பரிசீலனைக்கு வந்திருந்தன. 'தன் புத்தகம் வரும்போது அவர் பேசமாட்டார்' என்பது சரியான பதில் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று அவர் புத்தகத்துக்கு நான் தலையாட்டினால் நாளை என் புத்தகத்துக்கு அவர் தலையாட்டுவார் என்ற வாய்ப்பு அங்கே இருக்கிறதல்லவா?

நம் கமிட்டிகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று ஒவ்வொருவரும் யோசித்துக்கொள்ளலாம். 'உங்க பையனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, எங்க பையனுக்கு நீங்க ஒன்றும் சொல்லாதீங்க' என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

நான் தவறிய இடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் இந்த அறக்கட்டளையின் செயலாளராக இருந்துகொண்டே ஜமாஅத் கமிட்டியிலும் உறுப்பினராக இருந்தேன். நம் தையல் வகுப்பு அப்போது பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஒரு மாடி அறையில் நடந்தது. வாடகை 1,800 ரூபாய். கீழே உள்ள கடைகளுக்கெல்லாம் கமிட்டி வாடகையைக் கூட்டியது. நம் அறை பேச்சுக்கு வந்தபோது நான் எழுந்து, "இது வியாபாரம் இல்லை, ஏழைப் பெண்களுக்கான சேவை" என்று பேசினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. பழைய வாடகையே தொடரட்டும் என்று தீர்மானமானது. நல்ல காரியம் செய்ததாக மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

அந்த ஆண்டுக் கணக்கு வந்தபோது வருமானம் போதவில்லை. மோதினாருக்குச் சம்பளம் கூட்டுவதாக இருந்ததைத் தள்ளி வைத்தார்கள். கூட்டம் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கமிட்டியின் மூத்த உறுப்பினர் ஒருவர் என் தோளில் கைபோட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அன்னைக்கு வாடகை கேக்குறதும் நீங்க, குடுக்குறதும் நீங்க. பள்ளிவாசலுக்காகப் பேச அங்க யாரு இருந்தா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. ஆனால் கமிட்டி உறுப்பினர் என்ற முறையில் பள்ளிவாசலின் வருமானத்தைக் காக்க வேண்டியவன், அந்த அரை மணி நேரம் அறக்கட்டளையின் ஆளாக மட்டும் இருந்துவிட்டேன். மற்றவர்கள் மறுக்காமல் இருந்தது நான் சொன்னது சரி என்பதால் அல்ல, நான் அங்கே உட்கார்ந்திருந்ததால். முகத்துக்கு நேரே யார் மறுப்பார்கள்? அதன் சுமையைத் தாங்கியது தினம் ஐந்து வேளை பாங்கு சொல்லும் ஒரு குடும்பஸ்தர்.

மறுமாதம் நானே கேட்டு அந்தப் பொருளை மீண்டும் கூட்டத்தில் வைக்கச் செய்தேன். இரண்டு அமைப்பிலும் இல்லாத இரண்டு பெரியவர்கள் அறையைப் பார்த்து, 2,800 ரூபாய் நியாயம் என்றார்கள். அவர்கள் பேசும்போது நான் வெளியே ஹவுளுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கூடுதல் வாடகைக்கு அறக்கட்டளை வேறு ஏற்பாடு செய்துகொண்டது. தையல் வகுப்பு நிற்கவில்லை. அந்த ஆண்டு முடிவில் ஜமாஅத் கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டேன். வாடகை கொடுப்பவரும் வாங்குபவரும் நானே என்ற நிலை ஒரு கூட்டத்தோடு முடிகிற விஷயமில்லை, அது ஒவ்வொரு ஆண்டும் வரும் என்பது புரிந்தது.

இந்தப் பாடம் நமக்குப் புதியதல்ல. நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க அனுப்பிய ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்த சம்பவத்தை நாம் பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்பதே அன்று எழுந்த கேள்வி. பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டுக்கொள்ள அதைவிடத் தெளிவான கேள்வி வேறில்லை.

எல்லோரும் எழுந்து போனால் யார் முடிவெடுப்பது?

சிலர் இப்படிக் கேட்பார்கள். சின்ன ஊர், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். ஆளாளுக்கு விலகினால் கூட்டமே நடக்காதே? நியாயமான கேள்வி. வேறு வழியே இல்லாத கட்டாயத்தில் சம்பந்தப்பட்டவரே முடிவெடுப்பதைச் சட்டமும் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் உண்மையிலேயே வேறு வழி இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரிசா வழக்கில், குழுவுக்கு எழுத்தாளர் அல்லாதவர்களைப் போட்டிருக்கலாமே என்றுதான் நீதிமன்றம் அந்த வாதத்தை ஒதுக்கியது. நமக்கும் பக்கத்து மஹல்லாவின் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு பொருளுக்கு மட்டும் இரண்டு வெளியாட்களை அழைப்பது கடினமான காரியமல்ல.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

பொறுப்பில் இருப்பவர்கள்:

1. பதவியேற்கும் அன்றே, வேறு எந்தெந்த அமைப்பில் இருக்கிறீர்கள், எந்தத் தொழிலில் பங்கு இருக்கிறது, அமைப்பின் சொத்தில் நெருங்கிய உறவினர் யாராவது வாடகைக்கு இருக்கிறார்களா என்று எழுதிக் கொடுங்கள். பிறகு பிறர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட முதலிலேயே நீங்களே சொல்வது கௌரவம்.

2. சம்பந்தப்பட்ட பொருள் வந்தால் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். மௌனமாக உட்கார்ந்திருப்பதும் ஒரு பேச்சுதான்.

3. நீங்கள் வெளியே போனதையும் திரும்பி வந்ததையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்து யாராவது கேட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு வரிதான்.

4. ஒரே மோதல் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு பொறுப்பை விட்டுவிடுங்கள்.

5. அறக்கட்டளை நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். டிரஸ்டிக்கோ அவருடைய உறவினருக்கோ டிரஸ்டின் பணமோ சொத்தோ முறையின்றிப் பயன்பட்டால் அந்த அளவுக்கு வருமான வரிச் சலுகை பறிபோகும். ஒருவர் செய்ததற்கு மொத்த டிரஸ்டும் வரி கட்ட நேரும்.

குடும்பத்தினரும் உறுப்பினர்களும்:

1. 'அவர் நல்லவரா, கெட்டவரா' என்று பேசாதீர்கள். 'அந்தப் பொருள் வந்தபோது அவர் அறையில் இருந்தாரா?' என்று மட்டும் கேளுங்கள். முதல் கேள்வியில் சண்டைதான் வரும். இரண்டாவது கேள்விக்குத் தீர்மானப் புத்தகத்தில் பதில் இருக்கும்.

2. நகராட்சி, ஊராட்சித் தீர்மானங்களின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்துப் பெறலாம். நகல் எடுக்கும் செலவு தனி. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் நேராகவே கேட்கலாம்.

3. ஜமாஅத், அறக்கட்டளை விவகாரங்களை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். தேநீர்க் கடையில் பேசினால் அது புறம் பேசுவதாகிவிடும். சபையில் கேட்டால் கணக்குக் கேட்பதாக இருக்கும்.

4. 'ரெண்டு இடத்திலும் நம்ம ஆள்' என்பதற்காக முறையில்லாத ஒன்றைச் செய்யச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். நாம் கொடுக்கும் நெருக்கடியில்தான் பல நல்லவர்கள் தடுமாறுகிறார்கள்.

இந்த மாதத்திலிருந்து நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். நிர்வாகிகள் ஒவ்வொருவரும் தாங்கள் வகிக்கும் மற்றப் பொறுப்புகளையும், அறக்கட்டளையோடு கொடுக்கல் வாங்கல் உள்ள உறவினர்களையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. என் தம்பியின் மருமகன் கடையிலிருந்து அலுவலகத்துக்குப் பேப்பர், பேனா வாங்குவதை அதில் எழுதியிருக்கிறேன். இனி அந்த பில்லில் நான் கையெழுத்துப் போடமாட்டேன், பொருளாளர் போடுவார்.

அலுவலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம். கேள்வி கேட்ட அந்தச் சகோதரியின் மகன் விண்ணப்பம் வரும் வாரம் தேர்வுக் குழுவுக்குப் போகிறது. குழுவில் யாருக்காவது அந்தக் குடும்பத்தோடு உறவு இருந்தால் அவர் அன்று வெளியே உட்கார்ந்திருப்பார், இன்ஷா அல்லாஹ்.

செயலாளர்